முதலெழுத்து

முதலெழுத்து அவளுடையது.
மிச்சத்தை நான் நிரப்பணும்.

திருப்பூர் பெரியாஸ்பத்திரி, மாடியில் கடைசி அறை.
மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் தட்டுகிறது.
ஃபர்ஹானா, கோயமுத்தூரில் படிக்கிற பிள்ளை,
முதலில் அட்டை அட்டையாய் வார்த்தைகள் காட்டினாள்.
படிக்க வேண்டாமாம்.
எத்தனை எழுத்துக்கு மேல் புள்ளி இருக்கிறதென்று
எண்ணிச் சொன்னால் போதுமாம்.
எண்ணினேன். அதுதானே என் பிழைப்பு,
முழுச்சட்டையைப் பார்க்காமல் புள்ளியைப் பார்ப்பது.

அப்புறம் ஒரு டீ. அப்புறம்
ஊர், சம்பளம், தூக்கம், எத்தனை நாளாய் இப்படி.
"தீவாளி லீவு முடிஞ்சதுல இருந்துங்" என்றேன்.
காரணம் கேட்டாள். காரணம் இருந்தால்
கையோடு கொண்டுவந்திருப்பேனே.

"அட்டையில பாத்த வார்த்தை ஏதாச்சும்
ஞாபகம் இருக்குதுங்களாக்கா?"
ஒண்ணுகூட இல்லை அம்மிணி.
காலையில் பல் தேய்த்தேனா என்பதே
நிற்காத தலை இது.

அவள் முகம் சுளிக்கவில்லை.
இன்னொரு தாளை நகர்த்தினாள்.
'கி' போட்டு ஒரு கோடு. 'வி' போட்டு ஒரு கோடு.
'பா'வுக்கும் 'த'வுக்கும் நீளமாய்க் கோடுகள்.
"யோசிக்காதீங்க, மொதல்ல வர்றத எழுதுங்க."

கிணறு வந்திருக்கலாம்.
காங்கேயத்துப் பக்கம் பிறந்தவளுக்குக்
கிடாரி வந்திருக்கலாம்.
கிழிசல் என்று எழுதினேன்.
விரிசல். பாரம். தழும்பு.

அட்டைக்கட்டை எடுத்து விரித்துக் காட்டினாள்.
நாலும் அதில் இருந்தன.
விடியலும் பாயசமும் தயிரும்கூட இருந்தன.
ஆளுக்கொரு புள்ளி எண்ணியிருக்கிறேன்.
வந்த வழியே போய்விட்டன அவை.

"நீங்க மறந்துட்டீங்க, உள்ளுக்குள்ள ஒண்ணு மறக்கல.
எல்லாருக்கும் இப்பிடித்தான்னு சொல்ல முடியாதுங்க்கா,
இன்னும் பாத்துட்டுத்தான் இருக்கோம்."
"கிழிசலைச் சேத்தாத கண்ணு" என்றேன்,
"அது கம்பெனிச் சொல்லு."
சிரித்துக்கொண்டே அதற்கு நேரே
ஒரு கேள்விக்குறி போட்டாள்.

செக்கிங் மேசையில் பதினோரு வருசம்.
டியூப்லைட்டுக்குக் கீழே பனியன் பனியனாய்த் திருப்புகிறேன்.
கண் எங்கேயோ கிடக்கும், விரல் நின்றுவிடும்.
நின்ற இடத்தில் ஊசி ஓட்டை,
இல்லையென்றால் எண்ணெய்க் கறை.
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவேன்.
நாளைக்கு எண்ணூறு நல்ல பீஸ் கையைத் தாண்டிப் போகும்.
வேனில் என்னோடு ஏறுவது
அந்தப் பன்னிரண்டுதான்.

அப்படியென்றால் இன்னும் என்னென்ன ஏறியிருக்கும்?
கேன்டீன் வரிசையில் முதுகுக்குப் பின்னால் யாரோ
"இவளக் கூப்படாத" என்றது,
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது.
கொழுந்தன் போனை வைக்கும் முன் விட்ட மூச்சு.
காதில் விழவில்லை என்றுதான்
இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

செங்கப்பள்ளியில் வேன் திரும்பும் இடத்தில்
ஒரு கடைப் பலகை.
பாதி விளக்கு போய்விட்டது.
'மர' மட்டும் எரிகிறது.
மூணு மாசமாய் மரணம் என்று படித்திருக்கிறேன்.
படித்தேன் என்பதே தெரியாது,
வீட்டுக் கதவைத் திறக்கும்போது வயிறு கனக்கும், அவ்வளவுதான்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் போனபோது
முழுசாய்ப் பார்த்தேன்:
மரச்செக்கு எண்ணெய் இங்கு கிடைக்கும்.
பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
சிரித்திருப்பேன்போல.

மாத்திரைக்கு இது ஏழாவது வாரம்.
வாய் காய்கிறது. தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை.
பலகையை இன்னும் சரி பண்ணவில்லை அந்த ஆள்.
நேற்று ராத்திரி வேன் திரும்பியது.
'மர'.
மரவள்ளி என்று வந்தது.

நல்ல வார்த்தையா அது, கெட்ட வார்த்தையா?
ஃபர்ஹானா எந்தக் கட்டில் சேர்ப்பாள்?
வியாழக்கிழமை போகும்போது கேட்கணும்,
ஞாபகம் இருந்தால்.